சிவப்பு மாத்திரை

ஜெபராணியின் சைக்கிள் ஒரு வீட்டு வாசலில் நின்றால் அந்த வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை வராது. ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்காக முக்கூடல் சுற்றுவட்டாரத்தில் காசநோய் மருந்து கொண்டுபோகிறவள் என்று எல்லோருக்கும் தெரியும்.

அதனால் சைக்கிளைத் தெருமுனை அடிபம்பில் சாய்த்துவிட்டு எல்லா வீடுகளுக்கும் போனாள். பீடி சுற்றும் குமருப் பெண்கள் அத்தனை பேருக்கும் சத்து மாத்திரை கொடுத்தாள். அது சிவப்பு. அவர்களில் காசநோய் கண்டிருந்த கோமுவின் கையில் வைத்தது மட்டும் வேறு சிவப்பு. எல்லோரும் சேர்ந்து விழுங்கி, வாயைத் திறந்து காட்ட வேண்டும். ஜெபராணி தானே யோசித்த ஏற்பாடு இது.

"நர்ஸக்கா, இதத் தின்னா முடி வளருமா?"

"ஒனக்கு வாய்தான் வளரும். முழுங்குட்டி."

சிரிப்பார்கள். கோமுவும் சிரிப்பாள். அவளுக்கு இருமல் நின்றது, கன்னம் நிறைந்தது. மருந்து பாதிகூட முடியாத நிலையில் பெண் பார்க்க வந்தார்கள்.

கோமுவின் அம்மா ஜெபராணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அங்கன போயும் திம்பா. நான் பொறுப்பு. நீங்க மட்டும் எதுவும் சொல்லிராதிய."

மறுநாள் மாப்பிள்ளையின் தாயார் அடிபம்பருகே காத்திருந்தாள். பெண் எடுக்கும் தெருவில் விசாரிக்காமல் யாரும் தாம்பூலம் மாற்றுவதில்லை.

"வீடு வீடாப் போறவிய, ஒங்களுக்குத் தெரியாததா. அந்தப் பிள்ளைக்குச் சீக்கு எதுவும் உண்டா?"

"எல்லாப் பிள்ளையளுக்கும் குடுக்குற சத்து மாத்திரதான் அவளுக்கும்" என்றாள் ஜெபராணி.

தை மாதம் கல்யாணம். மீதி மருந்தை ஒரு பவுடர் டப்பாவில் அடைத்து ஜெபராணியே கோமுவின் பெட்டியில் வைத்தாள்.

ஆடிக்குப் புதுப்பெண்கள் தாய்வீடு வந்தார்கள். கோமு வரவில்லை. பீடி வேலை அதிகம் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லியனுப்பினார்கள். ஜெபராணி கல்லிடைக்குறிச்சி பஸ்ஸில் ஏறி, இறங்கி, நடந்தாள். சைக்கிளும் பையும் இல்லாமல் சொந்தக்காரியைப்போலப் போனாள்.

கோமு மடியில் பீடி சுற்றும் சுளகோடு உட்கார்ந்திருந்தாள். கழுத்தெலும்பு தெரிந்தது. கண்ணாடிக்குக் கீழே பவுடர் டப்பா இருந்தது. ஜெபராணி எடுத்துக் குலுக்கினாள். நிறைந்த டப்பாவின் சத்தம்.

"இதத் தின்னா மூத்திரம் செவப்பாப் போவுது. ஏன்னு அத்த கேட்டாவ" என்றாள் கோமு மெல்லிய குரலில். "பீட்ரூட் தின்னேம்னேன். எத்தன நாளைக்கு அதையே சொல்லட்டும்?"

"எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

"யாரு மூலமாச் சொல்ல?"

உள்ளறையில் யாரோ இருமினார்கள். ஜெபராணி கோமுவைப் பார்த்தாள். கோமு சுளகைப் பார்த்தாள்.

இருமல் நிற்கவில்லை. அது வறட்டு இருமல் அல்ல.

"யாருட்டி அது?"

"நாத்தனா. பேச்சி. எங்கூடத்தான் படுப்பா."

மாமியார் கொல்லையிலிருந்து வந்தாள். ஜெபராணியை அடையாளம் தெரிந்ததும் முகம் மலர்ந்தது.

"நல்ல நேரத்துல வந்திய. நம்ம பேச்சிக்கும் அந்தச் சத்து மாத்திர குடுங்க நர்ஸம்மா. பதினாலு வயசுப் பிள்ள, இருமி இருமி நாரா எளச்சுட்டா. ஒங்க மாத்திர தின்ன பிள்ளையள்லாம் எப்பிடி இருந்தாவ, நான்தான் பாத்தேனே."

ஜெபராணி டப்பாவைக் கீழே வைத்தாள். கோமு அவளைப் பார்த்து மெல்லத் தலையசைத்தாள், வேண்டாம் என்று.

"மொதல்ல சளிய எடுத்துப் பாக்கணும் அக்கா" என்றாள் ஜெபராணி. "ரெண்டு பேருக்கும்."

"ரெண்டு பேருக்கா?"

ஜெபராணி சொன்னாள். முழுவதையும் சொன்னாள். மாமியார் பீடி இலை வெட்டும் கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டு முடித்தாள்.

"பம்புகிட்ட நான் கேட்டப்ப ஒமக்குத் தெரியுமா?"



கோமு எழுந்தாள். சேலையில் ஒட்டியிருந்த தூளைத் தட்டிவிட்டு, யாரும் சொல்லாமலே கொடியில் கிடந்த தன் துணிகளை எடுத்துப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினாள். உள்ளே பேச்சி இருமிக்கொண்டிருந்தாள்.