யாரையும் மதிக்காதவர் என்று பெயரெடுத்த எங்கள் அப்பா

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரை வாங்கிக்கொள்பவர்களில் பலர், அவர் உயிரோடிருந்தபோது எங்கள் தெருப் பக்கமே வந்ததில்லை. வந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம்.

அப்பா மம்சாபுரத்தில் விவசாயக் குடும்பத்தில் இளைய மகனாகப் பிறந்தார். பட்டாளத்தில் மல்யுத்தம் கற்றுத் திரும்பி, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் மல்யுத்தப் பயிற்சியாளரானார். பிள்ளைகளைத் தூக்கிப் போட்டுப் பிழைக்கிறவன் என்று சொந்தத்தில் சிரித்தார்கள். அப்படிச் சிரித்தவர்கள் ஊருக்கு உருப்படியாக எதுவும் செய்ததாக நான் கேள்விப்படவில்லை.

மாவட்டப் போட்டிக்கு ஆள் தேர்ந்தெடுத்த அன்று, பள்ளிச் செயலாளரின் மகன் கான்சாபுரத்து மாணவன் ஒருவனிடம் தோற்றான். செயலாளர் அப்பாவை அறைக்கு அழைத்து, வென்றவனுக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டுத் தன் மகனை அனுப்பச் சொன்னாராம்.

"ஒங்க மகன் வேணும்னா நாளைக்கும் மோதட்டும். அவனுக்காக நீங்க மோதாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தார் அப்பா.

செயலாளர் மகனே போட்டிக்குப் போனான், போன வேகத்தில் திரும்பினான். அப்பாவைச் சைக்கிள் கொட்டகைக்குக் காவல் போட்டார்கள். பயிற்சி மெத்தையை மழையில் வீசினார்கள். வீசச் சொன்னவருக்குப் பள்ளி வாசலில் 'கல்விக் காவலர்' என்று பலகை இருந்தது.

அப்பா வேலையை விட்டார். வீசிய மெத்தையை எடுத்துவந்து, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் பெரியப்பாவின் தோப்பில் அதை விரிக்க இடம் கேட்டார்.

"கண்டவன் பிள்ளைகளும் நம்ம தோப்புல உருளணுமாக்கும்?" என்றார் பெரியப்பா. அப்பா அதன்பின் அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

குடும்பத்தோடு ராஜபாளையம் வந்தோம். பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசும் அத்தை ஒருவர், பஞ்சு மூட்டை அடுக்கும் தம் கிட்டங்கி காலியாகக் கிடக்க, அதைத் திறந்துவிட்டார். "பிள்ளைக விழுந்தா செவுரா விழப்போகுது?" என்றார், அவ்வளவுதான். அங்கேதான் பெண்பிள்ளைகளும் மல்யுத்தம் பழகினார்கள். நானும் பழகினேன்.

சர்க்கரை நோயில் அப்பாவின் வலது கால் போயிற்று. அதன்பிறகும் நாற்காலியில் அமர்ந்து சத்தம் போட்டுச் சொல்லிக்கொடுத்தார். அவர் படுக்கையில் விழுந்தபின் செயலாளர் பொன்னாடையும் போட்டோக்காரருமாக வந்தார்.

"படம் எடுத்துக்கிடுங்க. துண்ட மட்டும் கையோட கொண்டுபோயிருங்க" என்றார் அப்பா.

இறுதிநாளில் அப்பாவிடம் படித்த பெண்கள் பாடை தூக்க முன்வந்தபோது, இதெல்லாம் வழக்கமில்லை என்று பெரியப்பா மறித்தார்.

"அப்ப நீங்க தூக்குதீகளா பெரியப்பா?" என்று கேட்டேன். முட்டுவலி என்றார். பெண்கள் தூக்கினார்கள். அவர்களோடு, பட்டாளத்திலிருந்து விடுப்பில் ஓடிவந்த அந்தக் கான்சாபுரத்து அண்ணனும் தோள் கொடுத்தார்.

அவர்களுக்கும், அத்தைக்கும், மருத்துவமனையில் அப்பாவுக்கு முகம் சுளிக்காமல் உடம்பு துடைத்துவிட்ட செவிலியர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இந்த மலரில் தம் இரங்கல் உரையும் படமும் வர வேண்டும் என்று செயலாளர் ஆள் அனுப்பியிருந்தார். இடம் இருந்தது. போடவில்லை.