கயிற்றுக்குள் முப்பத்தொரு பேர்

மாசி பதினோராம் தேதி, புதன்கிழமை, காலை பத்து மணி நாற்பத்திரண்டு நிமிடம். மேகம் ஒன்றுகூட இல்லை. கீழ்க்காற்று லேசாக அடித்தது. ஹெலிகாப்டரின் எஞ்சின் நின்ற நேரம் அது. பஸ் கம்பெனியில் முப்பத்தாறு வருடம் டைம் கீப்பராக இருந்தவன் நான். அந்த நேரத்திலும் கண் கடிகாரத்துக்குத்தான் போனது.

டி. கல்லுப்பட்டிக்கு மேற்கே எனக்கு இரண்டு ஏக்கர் பதினெட்டு சென்ட் கரிசல் உண்டு. அதற்கு அப்பாலிருக்கும் கரட்டின் மேல் மின்கோபுரம் எழுப்புவதற்காக, இரும்புச் சட்டங்களைக் கட்டாகக் கட்டி ஹெலிகாப்டரில் தொங்கவிட்டுக் கொண்டுபோனார்கள். போகும் வழி என் பருத்திக்கு நேர் மேலே. வயலைச் சுற்றிக் கயிறு கட்டி, வேலை முடியும்வரை உள்ளே யாரும் வராமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அதற்கும் பயிர்ச் சேதத்துக்கும் தொகை பேசிக் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

காலையில் விமானி என்னிடம் வந்து சொன்னார். "ஐயா, எஞ்சின் நின்னா கட்டக் கழட்டி விட்டாத்தான் நான் உயிரோட இறங்க முடியும். அதான் கீழ ஆள் இருக்கக் கூடாது."

ஆறு கட்டுகள் போயின. ஏழாவதற்கு முன் என் மனைவியின் தம்பி பொங்கல் பானையோடு வந்தான். பின்னால் தெருவே வந்தது. என் வயல் நடுவில் கன்னிமார் கற்கள் ஏழு இருக்கின்றன.

"மச்சான், சாமி தலைக்கு மேல இம்புட்டு இரும்பு போகுது. ஒரு பொங்கல வச்சு மன்னிப்புக் கேட்டுட்டு ஓடியாந்துருவோம்."

"மாப்ள, ஒருத்தரையும் விடமாட்டேன்னு எழுதிக் குடுத்துருக்கேன்."

"எழுதிக் குடுத்த கையாலயே கயித்தத் தூக்குங்க. பஸ்ஸ ரெண்டு நிமிசம் லேட்டா விட்டதே இல்லையாக்கும்?"

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். கயிற்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குனிந்து போனவர்களை எண்ணினேன். முப்பத்தொரு பேர்.

பால் பொங்குவதற்குள் ஏழாவது கட்டு வந்துவிட்டது. கன்னிமாருக்கு மேலே வந்தபோது எஞ்சின் இருமுறை தடுமாறி அடங்கியது. இறக்கைகள் காற்றை அடிக்கும் ஒலி மட்டும் மிஞ்சியது. ஆட்கள் அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள், ஓடத் தோன்றவில்லை.

விமானி கட்டைக் கழற்றவில்லை. அதை இழுத்துக்கொண்டே ஓடைப்பக்கம் சாய்ந்தார். எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான்கில் கட்டு கழன்று பக்கத்துத் தரிசில் விழுந்தது. சட்டங்கள் ஆள் உயரத்துக்கு மண்ணில் குத்தி நின்றன. அதற்குள் ஹெலிகாப்டர் தரைக்கு வந்துவிட்டது. பக்கவாட்டில் மோதியது. இறக்கைகள் கரிசலை வெட்டிச் சிதறின. ஒரு துண்டு வேப்பமரத்தை இடுப்பளவில் அறுத்தது. இன்னொன்று ஓடைக்கரையில் மேய்ந்த ஆடுகளுக்குள் புகுந்தது. மூன்று ஆடுகள் துண்டாயின, ஒன்று முன்னங்கால் இல்லாமல் கத்திக்கொண்டே சுற்றியது. பிறகு தீ. வெடித்துக் கிடந்த பருத்தியின் மேல் அது பரவிய வேகத்தில், மூன்று வரப்பு தாண்டி நின்ற என் புருவம் கருகியது.

மாப்பிள்ளைதான் முதலில் ஓடினான். விமானியின் கையைப் பிடித்து இழுத்தபோது தோல் உரிந்து இவன் கையோடு வந்தது. திருமங்கலம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அவர் உயிர் போய்விட்டது. கயிற்றுக்குள் போனவர்களில் மாப்பிள்ளையின் கைகளைத் தவிர யாருக்கும் காயமில்லை.

எட்டாம் நாள் விசாரணைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். கழற்ற வேண்டிய நேரத்தில் கழற்றாதது விமானியின் தவறு என்று பேச்சாகியிருந்தது. கிளம்பும்போது மாப்பிள்ளை வாசலை மறித்தான். தீப்பட்ட இரண்டு கைகளிலும் மருந்துக்கட்டு.

"உள்ள யாருமே இல்லன்னு சொல்லிருங்க மச்சான். செத்தவரு திரும்பி வரப் போறாரா? உங்க காசும் போகும், எங்களையும் கோர்ட்டுக்கு இழுப்பாங்கெ."

"கைய எடு மாப்ள."

அதிகாரி கேட்டார். "ஐயா, கயித்துக்குள்ள யாராவது இருந்தாங்களா?"

"முப்பத்தொரு பேர். நான்தான் விட்டேன். கட்டு அவங்க தலைக்கு மேல இருந்துச்சு. அவங்களத் தாண்டுற வரைக்கும் அவரு கழட்டல."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க சொல்றது உங்களுக்குத்தான் பாதகம், தெரியுமா?"

"தெரியும். எழுதுங்க."

விமானியின் மேல் தவறில்லை என்று அறிக்கை வந்தது. மாப்பிள்ளை இன்றுவரை என் வீட்டுப் படி ஏறவில்லை. ஒப்பந்தத்தை மீறியதால் காவல் கூலியும் பருத்திக்கான நஷ்டஈடும் எனக்கு இல்லையென்றாயிற்று. வாங்கிய முன்பணத்தையும் திருப்பிக் கட்டினேன். எல்லாம் சேர்த்து எழுபத்து மூவாயிரத்து நானூறு ரூபாய்.