முன் பஸ்ஸும் பின் பஸ்ஸும்

சிவமணியோடு கதைத்து வென்றவர்கள் வெள்ளவத்தையில் கிடையாது. மீன்காரன் தோற்றிருக்கிறான், மாடிவீட்டின் சொந்தக்காரர் தோற்றிருக்கிறார், தண்ணீர் பில் கொண்டுவருகிற மனுசன் இவளைக் கண்டாலே கதவிடுக்கில் பில்லைச் செருகிவிட்டு இறங்கிவிடுவான். கொட்டாஞ்சேனையில் ஒரு பல் வைத்தியரிடம் பேர் பதிகிற வேலை அவளுக்கு. பல்லுக் கழற்ற வந்துவிட்டுப் பயத்தில் எழும்பி ஓடப் பார்க்கிறவர்களை ஒரே அதட்டில் கதிரையில் இருத்திவிடுவாள். வைத்தியருக்கு அது விறைப்பூசியைவிடப் பெரிய உதவி.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். யுத்தகாலத்துக் கொழும்பில் வாயை மூடிய பிள்ளைதான் பிழைத்தது. பஸ்ஸில் தமிழில் உரத்துக் கதைக்க முடியாது. போனில் அளந்துதான் கதைக்கவேண்டும். பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்தவரிடம் எந்த ஊர் என்று கேட்டாலே அவர் முகம் வெளிறிப்போகும். சிவமணிக்கு இதெல்லாம் நெஞ்சுக்குள் பொருமிப் பொருமி நின்றது. சொல்லி அழ ஆளில்லாவிட்டால் இவள் வெடித்துவிடுவாள் என்று பயந்துதான் மகள் பிரதாயினி, ஒருநாள் ரியூஷன் முடிந்து வரும்போது தாயை, போனும் இன்டர்நெற்றும் காசுக்குப் பாவிக்கவிடுகிற மஹ்ரூப் நானாவின் கொமியூனிகேஷன் கடைக்குக் கூட்டிப்போய், ஒரு கொம்பியூட்டருக்கு முன்னால் இருத்தினாள்.

அங்கேதான் 'பின்வளவு' இருந்தது. உலகம் முழுக்கச் சிதறிப்போன எங்கள் பெண்கள் கூடுகிற கருத்துக்களம். கூழுக்குப் பலாக்கொட்டை போடலாமா என்று அங்கே ஒரு கிழமை சண்டை நடக்கும். மாமியாரின் சீனி வருத்தம், வளர்ந்த பிள்ளை வாய் காட்டுவது, முன்னொருகாலம் குண்டுவீச்சுக்குப் பயந்து ஒளித்த பங்கருக்குள் பிறந்த தம்பி இப்போது மீசை வைத்துக்கொண்டு நிற்பது, எல்லாம் வரும். சொந்தப் பேர் மட்டும் வராது. வேலை இடமும் வராது. யார் வாசிக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தான், ஆனால் அந்தக் காலத்தில் இருட்டுக்குள் பேயும் இல்லாமல் இல்லை. அதனால் எல்லோருக்கும் புனைபேர். சிவமணி தனக்கு வைத்துக்கொண்ட பேர் 'சுடுதண்ணி'. யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

வேலை முடிந்து வந்து, சோறு கொதிக்கிற நேரத்துக்குள் ஓடிப்போய் எழுதிவிட்டு வருவாள். கணவர் சிவபாதசுந்தரத்துக்கு இது கண்ணில் காட்டக்கூடாது. மருதானையில் மோட்டார் உதிரிப்பாகம் விற்கிற கடையொன்றில் அவர் மனேஜர். நட்டும் போல்ட்டும் போலத் தொட்டுப் பார்க்கக்கூடிய சாமான்களில்தான் அவருக்கு நம்பிக்கை.

"முகம் தெரியாத பொம்பிளையளோட என்னப்பா கதை?" என்பார்.

"முகம் தெரிஞ்ச ஆம்பிளையோட கதைச்சு என்னத்தைக் கண்டனான்?" என்பாள் இவள். அதோடு அவர் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு முன்னால் பிடித்துவிடுவார்.

ஒருநாள் சிவமணி தங்கள் வீட்டுச் சட்டத்தைப் பற்றிப் பின்வளவில் எழுதினாள். புருஷனும் பெண்சாதியும் ஒரே பஸ்ஸில் போவதில்லை என்பதுதான் அந்தச் சட்டம். காலையில் இரண்டுபேரும் ஒன்றாகத்தான் காலி வீதிக்கு இறங்குவார்கள். வருகிற முதல் பஸ்ஸில் அவர் ஏறுவார், அடுத்ததில் இவள். ஒன்றில் குண்டு வெடித்தாலும் பிள்ளைக்கு ஒரு ஆள் மிஞ்சவேண்டும். கொழும்பில் அப்போது எத்தனையோ குடும்பங்கள் இப்படித்தான் போய்வந்தன, தமிழர் சிங்களவர் என்றில்லை. ஒருவரும் அதைப் பெரிதாகக் கதைப்பதில்லை, பல்லு விளக்குவது போல ஒரு பழக்கம்.

ஆனால் வெளிநாட்டில் இருந்தவர்கள் அதை வாசித்துவிட்டு அழுதார்கள். ஒஸ்லோவில் இருக்கிற 'பனிக்கரடி' இரண்டு நாள் சோறு இறங்கவில்லை என்று எழுதினாள். உள்ளூரில், ஹெந்தளையில் இருந்து எழுதுகிற 'நண்டுக்கறி' மட்டும் அழவில்லை.

"அதுசரி, ஒவ்வொருநாளும் ஏன் அவரே முன் பஸ்?" என்று கேட்டாள் அவள்.

"ஆம்பிளையெல்லோ, முன்னுக்குப் போனாத்தானே கெப்பர்," என்று சுடுதண்ணி எழுதினாள். எல்லோரும் சிரித்தார்கள். அது வெறும் ஆம்பிளைப் பெருமைதான் என்று சிவமணிக்கும் உள்ளூர நினைப்பு. எத்தனையோ தரம் 'இண்டைக்கு நான் முதல் போறன்' என்று சொல்லிப் பார்த்திருக்கிறாள். மனுசன் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அசையமாட்டார்.

அந்த நாளும் அப்படித்தான். முன் பஸ்ஸின் மிதிபலகையில் தொற்றி ஏறியபோது அவர் திரும்பிப் பார்த்து, "பின்னேரம் வரேக்க ராச்சாப்பாட்டுக்குப் பாண் வாங்கிக்கொண்டு வா," என்றார். இவள் சரி என்றுகூடச் சொல்லவில்லை. காலையில் தேத்தண்ணிக்குச் சீனி கூடிப்போனதை அவர் சொல்லிக் காட்டிய கோபம் இன்னும் ஆறவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடுத்த பஸ் வந்தது, ஏறினாள்.

பம்பலப்பிட்டிக்கு வருமுன்பே பஸ் நின்றது. முன்னால் எல்லா வாகனமும் நின்றன. எங்கோ தகரத்தைத் தூக்கி அடித்த மாதிரி ஒரு சத்தம் கேட்டிருந்தது. இவள் லொறி ரயர் என்று நினைத்தாள். பிறகுதான் எதிர்ப்பக்கத்திலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். ஒருத்தன் பஸ் தகட்டில் கையால் அடித்துக் கத்தினான்.

"இஸ்ஸரஹ பஸ் எக்கே போம்பயக்!"

முன்னால் போன பஸ்ஸில் குண்டு.

சிவமணி கைப்பையை அள்ளிக்கொண்டாள். இறங்கி ஓடினாள். முன்னால் ஆமி கயிறு கட்டி எல்லோரையும் திருப்பிக்கொண்டிருந்தது. போனை எடுத்தாள். செத்துக் கிடந்தது, வெடித்தால் உடனே கைத்தொலைபேசி லைன் எல்லாம் விழுந்துவிடும், அது எல்லோருக்கும் தெரியும், தெரிந்தும் எல்லோரும் அமத்திக்கொண்டே நின்றார்கள். "மகே மஹத்தயா, மகே மஹத்தயா," என்று தனக்குத் தெரிந்த சிங்களத்தில் என் புருஷன், என் புருஷன் என்று கெஞ்சினாள். ஆமிப் பொடியன் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தான். யாழ்ப்பாணத்தில் பிறந்தவள் என்று அதில் இருந்தது. அவன் பார்வை மாறியது. அவளோடு பஸ்ஸில் வந்த ஒரு சிங்கள மனுசி ஓடிவந்து, அட்டையை அவன் கையிலிருந்து எடுத்து இவள் கைப்பைக்குள் திணித்து, தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டாள். "கெதர யன்ன, அக்கே," என்றாள். வீட்டுக்குப் போ அக்கா. பேர்கூடக் கேட்காமல் போய்விட்ட அந்த மனுசி நல்லா இருக்கவேண்டும்.

வெள்ளவத்தைக்கு எப்படி நடந்து வந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. வீட்டுக்குப் போகவில்லை. பிள்ளை பள்ளிக்கூடத்தால் வந்து 'அப்பா எங்கே' என்று கேட்டால் என்ன சொல்வது? கால் அவளை மஹ்ரூப் நானாவின் கடைக்குக் கொண்டுபோனது.

"நானா, ஒரு கோல் எடுக்கவேணும்."

"லோக்கல் லைன் ஒண்டும் போகுதில்ல அக்கா. காலையிலிருந்து நானும் என்ட மகளுக்கு அடிச்சுக்கொண்டுதான் ஈக்கிறன்." அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டார். "நெட் வேல செய்யுது. ஒக்காருங்க."

தமிழ் எழுத்து வரவில்லை. மகள் காட்டித் தந்த, தமிழுக்கு மாற்றுகிற அந்தப் பெட்டி எங்கே இருக்கிறதென்றே பதற்றத்தில் தெரியவில்லை. ஆங்கில எழுத்தில் தமிழை அடித்தாள். என்ர அவர் முன் பஸ்ஸில். பஸ் வெடிச்சிட்டுது. பேர் சிவபாதசுந்தரம். மருதானைக் கடையின் பேர் இது, நம்பர் இது. இங்கையிருந்து லைன் இல்லை. ஆராவது எடுத்துப் பாருங்கோ. கீழே சுடுதண்ணி என்று போடாமல் சிவமணி என்று போட்டாள். இரண்டு வருசமாக ஒருத்தரும் மீறாத சட்டம் அது. களத்தை நடத்துகிற பெண், வழக்கமாக ஒரு தெருப்பேர் வந்தாலே அழித்துவிடுகிறவள், இதை அழிக்கவில்லை. எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே ஒட்டிவிட்டாள்.

ரொறன்ரோவில் படுக்கப்போனவர்கள் எழும்பினார்கள். மெல்பேர்ணில் ஒருத்தி சமைத்துக்கொண்டிருந்த அடுப்பை அணைத்துவிட்டுக் கொழும்பு ஆஸ்பத்திரிக்குப் போன் அடித்தாள். இன்னொருத்தி கடை நம்பரை அடித்தாள், அடித்துக்கொண்டே இருந்தாள். வெளிநாட்டிலிருந்து வருகிற அழைப்பு எப்படியோ உள்ளே நுழையும் என்பது கொழும்பில் பட்டுத் தெளிந்த விஷயம். கடைசியில் ஒஸ்லோப் பனிக்கரடிக்குத்தான் லைன் கிடைத்தது. வேலைக்குப் போகிற ட்ராமில் நின்றபடி பேசினாளாம்.

அவள் எழுதியது திரையில் வந்தது. "கடைக்கு எடுத்தனான். ஐயா இன்னும் வரேல்லை எண்டு ஒரு பொடியன் சொல்லுறான்."

சிவமணி மேசையில் தலையை வைத்தாள். பாண் வாங்கி வா என்றாரே, சரி என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாமே, அந்தப் பாழாய்ப்போன சீனிக்கு முகத்தைத் திருப்பினேனே என்று வாய்விட்டு அழுதாள். மஹ்ரூப் நானா பிளேன்டி கொண்டுவந்து வைத்தார். கடைக்குள் நின்ற மற்றவர்கள் சத்தமில்லாமல் வெளியே போனார்கள். நண்டுக்கறி மட்டும் விடாமல் எழுதிக்கொண்டிருந்தாள். "சிவமணி அக்கா, நான் பேர்ணடெற். இதுதான் என்ர பேர். நீங்கள் தனிய இல்லை. அழுங்கோ, ஆனா ஸ்கிரீனைப் பாத்துக்கொண்டு அழுங்கோ."

அவள் பார்த்துக்கொண்டே அழுதாள். ஒன்றும் வரவில்லை. பிறகும் ஒன்றும் வரவில்லை. தேத்தண்ணி ஆறிப்போனது.

திடீரென்று பனிக்கரடியின் எழுத்து வந்தது, எழுத்துப் பிழையும் அவசரமுமாக.

"இருக்கிறார்! இருக்கிறார்! இப்பதான் கடைக்குள்ள வந்தவர், நான் திரும்ப அடிக்க அவரே போனை எடுத்தவர். அக்கா, அவர் கதைக்கேல்லை, அழுகிறார். என்ர மணி போயிட்டாள், பஸ்ஸோட போயிட்டாள் எண்டு அழுகிறார். இல்லை அண்ணை, அவ வெள்ளவத்தையில இருந்து எழுதிக்கொண்டிருக்கிறா எண்டு நான் கத்தினனான். ட்ராம் முழுக்க என்னைத்தான் பாக்குது. நான் றோஸி, அக்கா. என்ர பேர் றோஸி."

சிவமணி எழும்பி நின்றாள், இருந்தாள், திரும்ப எழும்பினாள். "நானா, இருக்கிறாராம்!" என்று கத்தினாள். மஹ்ரூப் நானா "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்தார். அந்த நேரம்தான் அவருடைய போனிலும் மகளின் அழைப்பு வந்தது.

பின்னேரம் ஆகித்தான் சிவபாதசுந்தரம் நடந்தே வீட்டுக்கு வந்துசேர்ந்தார். சேர்ட்டெல்லாம் புழுதி. மகள் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தாள். சிவமணி எதையும் கட்டிப்பிடிக்கவில்லை, நேரே வழக்கைத் தொடங்கினாள்.

"முன் பஸ்ஸில ஏறின நீங்கள் எப்படியப்பா தப்பினனீங்கள்?"

அவர் தண்ணீர் கேட்டார். குடித்தார். சொல்லாமல் தப்ப வழியில்லை என்று தெரிந்துகொண்டார்.

"நான் பம்பலப்பிட்டியில இறங்கினனான்."

"ஏன்?"

"ஒவ்வொருநாளும் இறங்கிறனான்." வெறும் கிளாஸைக் கீழே வைத்தார். "இறங்கி பஸ் ஹோல்ட்டில நிப்பன். உன்ர பஸ் வரும். நீ குடையைக் கம்பியில கொழுவிப்போட்டுச் சாரதிக்குப் பின்னால நிப்பாய். அதைக் கண்டாப் பிறகுதான் அடுத்த பஸ்ஸில ஏறுவன். காணாட்டி எனக்கு அண்டைக்கு வேலை ஓடாது. இண்டைக்கு நிண்டன், நிண்டன், உன்ர பஸ் வரேல்லை. அங்கால வெடிச்ச சத்தம். எனக்கு முந்திப் போயிட்டியோ, நான்தான் காணாமல் விட்டிட்டனோ எண்டு..." கயிற்றுக்கு அந்தப்பக்கம் நின்று, வெள்ளைத் துணி மூடிக் கொண்டுபோனவர்களின் காலைப் பார்த்துப் பார்த்து இவளைத் தேடியிருக்கிறார் மனுசன்.

சிவமணிக்கு வாயடைத்துப்போனது. கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவளுக்கு வாயடைத்தது அன்றுதான். இவர் இறங்கி நிற்பதற்குத்தானா இந்த முன் பஸ் பிடிவாதம்? இதைக் கெப்பர் என்று எழுதி உலகம் முழுக்கச் சிரித்தோமே என்று நெஞ்சு பொங்கியது. அடுப்படிக்குள் போய், சீனி போடாமல் ஒரு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு, இன்றைக்குக் கொஞ்சம் சீனி போட்டிருக்கலாம் என்றார். மகள் சிரித்துவிட்டாள். பிறகு மூன்றுபேரும் சிரித்தார்கள், அழுதார்கள், எது எதென்று பிரித்துப் பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை.

சோற்றை அடுப்பில் வைக்காமலே, "எழும்புங்கோ," என்றாள் சிவமணி. "உங்களுக்காகக் கனபேர் காத்துக்கொண்டிருக்கினம்."

முகம் தெரியாத பெண்களோடு என்ன கதை என்று அவர் அன்றைக்குக் கேட்கவில்லை. சேர்ட்டை மாற்றி, தலையைச் சீப்பால் இழுத்துக்கொண்டு, கோயிலுக்குப் போகிறவர் மாதிரி அவளோடு கொமியூனிகேஷனுக்குப் போனார். ஒரே கதிரைதான் இருந்தது. மஹ்ரூப் நானா உள்ளேயிருந்து இன்னொன்று கொண்டுவந்து போட்டார். திரை முழுக்க அவருடைய பேர். ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேர்ணிலும் யார் யாரோ சிவபாதசுந்தரம் அண்ணை, சிவபாதசுந்தரம் அண்ணை என்று எழுதியிருந்தார்கள். ஒருத்தி நேர்த்தி வைத்திருந்தாள். ஒருத்தி வேலைக்கே போகவில்லை. அவர் மேலிருந்து கீழே வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்ப முதலில் இருந்து வாசித்தார்.

"நான் ஏதாவது எழுதலாமோ?" என்று கேட்டார்.

அவள் தமிழ்ப் பெட்டியைத் திறந்து கொடுத்தாள். நட்டும் போல்ட்டும் எண்ணுகிற அந்த ஒற்றை விரல் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடிக் குத்தியது. அவள் உதவிக்குக் கை நீட்டினாள், அவர் விடவில்லை. அன்றுவரை ஒருவரும் சொந்தப் பேரில் எழுதாத அந்தக் களத்தில், தன்னுடைய முழுப் பேரையும் முதலில் போட்டுவிட்டு, அதற்குக் கீழே எழுதினார்:

"பிள்ளையள், நாங்கள் ரெண்டுபேரும் இருக்கிறம். இவ எனக்குப் பக்கத்தில இருக்கிறா."