மஞ்சள் தடவிய பேய்

எண்பதுகளில் நாங்கள் ஜெர்சி சிட்டியில், பதினாறு மாடிக் கட்டடம் ஒன்றின் பதினோராவது மாடியில் குடியிருந்தோம். தனி வீட்டுக்காரர்கள் அக்டோபர் கடைசி நாள் வரும் ஹாலோவீனுக்கு, பேய் வேஷம் போட்ட குழந்தைகளை மிட்டாய் கேட்டுக் குளிரில் தெருத்தெருவாக இழுத்துக்கொண்டு அலைவார்கள். எங்களுக்கு அந்தத் தொல்லை கிடையாது. கீழே லாபியில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். மிட்டாய் கொடுக்கச் சம்மதிப்பவர்கள் அதில் வீட்டு எண்ணை எழுத வேண்டும். பிள்ளைகள் லிஃப்டில் உச்சி மாடிக்குப் போய், ஒவ்வொரு மாடியாக வசூலித்தபடி இறங்கி வருவார்கள். இதைவிடச் சொகுசாக உலகத்தில் யாரும் பிச்சை எடுத்திருக்க மாட்டார்கள்.

அங்கே குடிவந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஏழு வயது மகளுக்கு அந்தக் கட்டடத்தில் ஒரு சிநேகிதிகூட இல்லை. அவள் வகுப்பில் படிக்கும் வெள்ளைக்காரப் பெண்கள் இரண்டு பேர் ஒன்பதாம் மாடியில் எதிரெதிர் வீட்டில் இருந்தார்கள். லிஃப்டில் பார்த்தால் அவர்கள் இருவரும் தங்களுக்குள் குசுகுசுவென்று பேசிக்கொள்வார்கள். இவள் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

அந்த இருவரும் ஒருநாள் எங்கள் கதவைத் தட்டி, ஹாலோவீனுக்கு மூன்று பேய்களாகப் போகலாம், வருகிறாயா என்று கேட்டார்கள். மூவருக்கும் தலையோடு கால் வெள்ளை பெட்ஷீட், கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அச்சாக ஒரே மாதிரி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆட்டத்தில் சேர்த்தி இல்லை. அன்று மகள் பாகற்காயை முணுமுணுக்காமல் தின்றாள். அவ்வளவு சந்தோஷம்.

சிக்கல் என்னவென்றால், அந்த வருஷம் ஹாலோவீனுக்கு மறுநாள் தீபாவளி.

"விடிஞ்சா நல்ல நாளு. முந்தின ராத்திரி போய் வெள்ளைத் துணியை முகத்தோட மூடிக்கிட்டு நிக்கணுமா? நம்ம ஊர்ல யாரை அப்படி மூடுவாங்க, சொல்லுங்க!" என்று கணவரிடம் பாய்ந்தேன்.

அவர் ஒரு மருந்துக் கம்பெனியில் வேதியியல் ஆராய்ச்சியாளர். டாக்டர் பட்டம் வாங்கியவர். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "இது அமெரிக்கன் பேய்மா. நம்ம ரூல்ஸ் அதுக்கு அப்ளை ஆகாது" என்றார்.

மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு நானும் இறங்கி வந்தேன். ஆனால் கடையில் வாங்கிய பெட்ஷீட் புதுத்துணி. புதுத்துணியை மஞ்சள் தடவாமல் உடுத்தினால் எனக்குத் தூக்கம் வராது. ஒரு மூலையில் துளி வைத்தால் போதும்தான். அது சட்டை பாவாடைக்கு. பேயாகப் போகிற துணிக்கு ஒரு மூலை எப்படிப் போதும்? நான்கு மூலையிலும் தடவினேன். மனசு ஆறவில்லை. நெஞ்சுப் பக்கம் ஒரு கை, முதுகுப் பக்கம் ஒரு கை, தலையில் வட்டமாக ஒன்று என்று மஞ்சளைக் குழைத்து அப்பிவிட்டு, முதல் நாள் சுட்டது போதாதென்று நிம்மதியாக இன்னும் கொஞ்சம் அதிரசத்துக்குப் பாகு வைக்கப் போனேன்.

ஹாலோவீன் அன்று பள்ளியிலிருந்து வந்தவள் அதைப் பார்த்து வீறிட்டாள்.

"கோஸ்ட்ஸ் ஆர் வைட், மாம்! வைட்! தே வோன்ட் டேக் மீ!"

சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அப்போதுதான் நான் செய்த காரியம் எனக்கே உறைத்தது. இரண்டு மாதமாக ஒரு துணைக்கு ஏங்கிய குழந்தை. கிடைத்த ஒரே வாய்ப்பில் நானே மஞ்சளைப் பூசியிருந்தேன். பாகு அடுப்பில் முறுகிப்போனதுகூடத் தெரியாமல் நின்றேன்.

"ஒன்னும் டென்ஷன் ஆகாதே. கறைதானே? கெமிஸ்ட்ரி எதுக்கு இருக்கு!" என்று சீக்கிரமாக வீடு வந்திருந்த கணவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு குளியலறைக்குள் போனார். நான் பின்னாலேயே ஓடுவதற்குள் மஞ்சள் மேலெல்லாம் சோப்புப் பவுடரைக் கொட்டித் தேய்த்துவிட்டார். மஞ்சளில் சோப்பு பட்டால் என்ன ஆகும் என்று தமிழ்நாட்டில் துணி துவைத்த எந்தப் பெண்ணையும் கேட்டிருக்கலாம். டாக்டர் பட்டத்துக்கு அதைப் படிக்க வேண்டியதில்லை போலிருக்கிறது. நெஞ்சு, முதுகு, தலை எல்லாம் ரத்தச் சிவப்பு.

"இன்ட்ரஸ்டிங்" என்றார்.

"இன்ட்ரஸ்டிங்கா? உங்க மண்டை!" என்று நான் ஆரம்பிக்கும்போதே அழைப்பு மணி அடித்தது. ஒன்பதாம் மாடிப் பேய்கள் இரண்டும் வெள்ளை வெளேரென்று வாசலில் நின்றன. மகள் என் பின்னால் ஒளிந்துகொண்டாள். கணவர் என்ன செய்வதென்று தெரியாமல், ஈரம் சொட்டும் பெட்ஷீட்டைக் கையில் பிடித்தபடியே கூடத்துக்கு வந்துவிட்டார்.

இரண்டு பேய்களும் அதை எட்டிப் பார்த்தன. பிறகு ஒன்று கத்தியது: "பிளட்!" இன்னொன்று தன் பெட்ஷீட்டைத் தலைவழியாக உருவி என்னிடம் நீட்டி, தனக்கும் அதே போல் வேண்டும் என்றது.

நான் கீழே போய் அவர்கள் அம்மாக்களிடம் கேட்டேன். பழைய விரிப்புதான், என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள் என்று சிரித்தார்கள். அதன்பின் எங்கள் குளியலறையில் தொழிற்சாலை ஓடியது. நான் மஞ்சள் அப்ப, கணவர் சோப்புத் தேய்க்க, மூன்று பெண்களும் ஹேர் டிரையரைப் பிடுங்கிப் பிடுங்கி உலர்த்த, அரை மணி நேரத்தில் அச்சாக ஒரே மாதிரி மூன்று ரத்தப் பேய்கள் தயார். தீபாவளிக்கு முதல் நாள் ஒரு வெள்ளைத் துணி கூடாது என்று குதித்தவள், என் கையாலேயே மூன்று பேரைக் கொலையுண்ட கோலத்தில் லிஃப்டில் ஏற்றிவிட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து லிஃப்ட் திறந்தது. மூன்றும் பை நிறைய மிட்டாயுடன் வந்தன. ஒரே உயரம், ஒரே கறை, தரை வரை துணி. பெற்றவளுக்கு அடையாளம் தெரியாமலா போகும் என்ற தைரியத்தில் நடுவில் நின்றதன் கையைப் பிடித்து, "வா, மூஞ்சி கழுவு" என்று இழுத்தேன். துணிக்குள்ளிருந்து வந்தது வெள்ளைக்காரச் சிரிப்பு.

"சரி, இதுல யாருடீ என் பொண்ணு?" என்றேன்.

மாடிக்கு மாடி ஒத்திகை பார்த்திருப்பார்கள் போல. மூன்று பேய்களும் ஒரே குரலில், தமிழில், "நான்தாம்மா!" என்றன.

உச்சரிப்பை வைத்துப் பிடித்துவிடலாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னேன். மூன்றும் ஒரே லட்சணத்தில் இருந்தன. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மூன்றையும் உள்ளே வரச்சொல்லி அதிரசம் கொடுத்தேன்.