பாக்கியம் அக்கா வீட்டு முறுக்குச் செடி

இலையின் அடிப்பக்கத்தைத் தடவினால் பூனைக்குட்டியின் காதைத் தொட்டது போலிருக்கும். தண்டு நேராக வளராது. இலைகளைப் படிப்படியாகச் சுமந்துகொண்டு, சுற்றிச் சுற்றி மேலே ஏறும். உச்சியில் ஒரு சிவந்த கூம்பு, அதிலிருந்து கசங்கினாற்போல ஒரு வெள்ளைப் பூ. மலாய்க்காரர்கள் அதைச் 'செத்தாவார்' என்பார்கள். சுங்கை சிப்புட் பக்கம் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் அதற்கு 'முறுக்குச் செடி' என்று பெயர். ஈப்போ செடிக் கடைகளில் அதைப் பார்த்துவிட்டு எத்தனையோ வருடம் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருக்கிறேன்.

எங்கள் லயத்தில் அது பாக்கியம் அக்கா வீட்டு வாசலில் மட்டும்தான் நின்றது. அவருடைய அம்மா சாவதற்கு முன் நட்ட செடி. அடுத்த கதவு அவருடைய சொந்த அண்ணன் மாணிக்கத்தின் வீடு. அவர் நாலைந்து ஆடு வளர்த்தார். இந்த வீட்டில் குழம்பு கொதித்தால் அந்த வீட்டுக்கும் ஒரு கிண்ணம் போகும்.

கேட்டு வாங்கிய கொப்பு வேர் பிடிக்காது, சொல்லாமல் எடுத்து வந்து நட்டால்தான் துளிர்க்கும் என்பது லயத்து நம்பிக்கை. ஆகவே யாருக்காவது ஒரு செடி பிடித்துவிட்டால், ஆள் இல்லாத நேரம் பார்த்து ஒரு கொப்பை ஒடித்துப் போவார்கள். வீட்டுக்காரரும் தெரிந்தும் தெரியாதது போல இருந்துவிடுவார். ஒரு கொப்பு, அதற்கு மேல் கை வைக்கக் கூடாது. என் அம்மாவுக்கு அந்தப் பூவின் மேல் ரொம்ப நாள் ஆசை. அக்கா பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கப் போன ஒரு காலையில், பத்து வயதான என்னை ஒரே ஒரு கொப்பு ஒடித்து வரச் சொன்னார்.

நான் ஒடிக்கவில்லை, இழுத்தேன். மழையில் ஊறிய மண், புதர் மொத்தமும் கிழங்கோடு பெயர்ந்து வந்துவிட்டது. திரும்ப நட்டிருக்கலாம். பயந்துபோய் ஒரு தண்டை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதைப் பெரிய கால்வாயில் எறிந்தேன். கிழங்கு தண்ணீரோடு போய்விட்டது. தழை கரையில் சிதறிக் கிடந்தது. எடுத்து வந்த தண்டின் இலைகளை உருவிவிட்டு, மேல் எது கீழ் எது என்று தெரியாமல், குளிக்கிற தண்ணீர் தேங்கும் சேற்றில் தலைகீழாகக் குத்தி வைத்தேன். அதுவும் அழுகிப்போனது.

அதை எப்படி நட வேண்டும் என்று இப்போது நன்றாகத் தெரியும். இரண்டு மூன்று கணு வருமாறு தண்டை வெட்டி, ஈரமண்ணில் படுக்க வைத்துப் பாதி புதைக்க வேண்டும். கடும் வெயில் ஆகாது. மண் காயக் கூடாது, தண்ணீர் தேங்கவும் கூடாது. சில வாரங்களில் கணுவிலிருந்து முளை கிளம்பும். ஒரே ஒரு தண்டு போதும், ஒரு லயத்துக்கே செடி கொடுக்கலாம்.

அக்கா திரும்பி வந்தபோது வாசலில் குழிதான் இருந்தது. கால்வாய்க் கரையில் மாணிக்கம் அண்ணனின் ஆடு அந்தத் தழையை மென்றுகொண்டிருந்தது. ஆட்டைக் கட்டிப்போட்டு அம்மா வைத்த செடியைக்கூடக் காக்கத் துப்பில்லாதவன் என்று அக்கா தொடங்கினார். அண்ணன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஆடு எலையத் திங்கும் பாக்கியம், கெழங்கையுமா தோண்டும்?"

யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. பேச்சு வளர்ந்து, செத்த தாயின் நகை வரைக்கும் போய், இரண்டு கதவுகளும் சாத்திக்கொண்டன. என் அம்மா என்னை உள்ளே இழுத்து, "நீ வாயத் தொறக்காத" என்றார். நானும் திறக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து அக்காவின் மகள் பெரிய மனுஷியானபோது தாய்மாமன் இல்லாமலேயே சடங்கு நடந்தது. மாமன் சீர்த்தட்டு இருக்க வேண்டிய இடம் வெறுமனே கிடந்ததைப் பார்த்தபடி நான் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

தோட்டத்தை விற்றார்கள், லயத்தை இடித்தார்கள். இப்போது அங்கே எண்ணெய்க்காக நட்ட செம்பனைதான் நிற்கிறது. வாசல் எங்கே இருந்தது என்றுகூடக் காட்ட முடியாது. மாணிக்கம் அண்ணனும் போய்ச் சேர்ந்துவிட்டார். போன மாதம் ஒரு முறுக்குச் செடியைத் தொட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு, தெலுக் இந்தானில் மகள் வீட்டில் இருக்கும் அக்காவைப் பார்க்கப் போனேன். மகள் சமையலறையில் இருந்த நேரம், எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லிவிட்டால் மனம் லேசாகும் என்று நினைத்த சுயநலம்தான்.

அக்கா கையை நீட்டி ஒரு இலையின் அடிப்பக்கத்தைத் தடவினார்.

"இத எதுக்குலா இப்ப வந்து சொன்ன? அண்ணன் பொணத்துக்குக்கூட நான் போகல."

மறுநாள் அவர் மகள் போன் செய்தார். அம்மா நேற்றிலிருந்து சாப்பிடவில்லை, மாமா படத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், நீங்கள் என்னதான் பேசினீர்கள் என்று கேட்டார்.

சும்மா செடியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம் என்றேன்.