இரண்டு வரி பொறுத்துக் கைதட்டுங்கள்

மலாக்காவின் காஜா பேராங்கில் கோயில் மணி தமிழில் ஒலிக்கிறது. கும்பிட்டுத் திரும்புகிறவர்கள் மலாயில் பேசிக்கொண்டு போகிறார்கள். மலாக்காவுக்கு வந்த புதிதில், நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஒருவரிடம், "ஐயா, நடை எப்போது சாத்துவார்கள்?" என்று கேட்டேன். நான் வழி கேட்பதாக எண்ணிய அவர், மிகுந்த மரியாதையோடு ஜாலான் துக்காங் எமாஸ் தெரு இருக்கும் திசையைக் காட்டினார். பல தலைமுறைகளுக்கு முன் வணிகத்துக்காக வந்து, இங்கேயே மணம் முடித்து, மொழி மாறியும் தெய்வம் மாறாத செட்டிமார் வழியினர் அவர்கள். சித்தப்பாவின் துணிக்கடைக்கு வேலைக்கு வந்தவன் நான். ஆயினும், அவர்களுக்குத் தமிழை மீட்டுக் கொடுக்கவே கப்பலேறியவன் போல் அன்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நினைப்பை உடைத்தது அவர்கள் வீட்டுக் கல்யாணப் பந்தல் ஒன்று. அங்கே ஒரு குழு டொண்டாங் சாயாங் என்னும் மலாய் எதிர்ப்பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது. ஒரு பிடில், இரண்டு ரெபானாப் பறைகள், ஒரு சேகண்டி. ஒருவர் நான்கு வரி பாடினால், எதிரே நிற்பவர் தாளம் தவறாமல், அங்கேயே கட்டிய நான்கு வரியால் மடக்க வேண்டும். காரைக்குடி மாணவர் மன்றத்தில் சொற்போர் பழகியவன் நான். மோனை விழுந்த இடத்தில் கரவொலி எழும். எழும் வரை நிறுத்தி, ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுத் தொடருவோம். எனவே, குழுவின் தலைவி நாகம்மா இரண்டாம் வரியை அழகாக முடித்ததும் பலமாகக் கைதட்டினேன். தட்டியவன் நான் ஒருவனே. எல்லோரும் 'மாக்', அதாவது அம்மா, என்று அழைக்கும் அந்த அம்மையார் பாட்டை நிறுத்தி என்னைப் பார்த்தார். "பெலும் லாகி, ஆடேக்," என்றார். இன்னும் வரவில்லை, தம்பி. முதல் இரண்டு வரி கொடியையும் ஆற்றையும் காட்டும். குத்து அடுத்த இரண்டில்தான் இருக்கிறது.

அன்று பிடித்த பித்து, ஆண்டுகள் பல ஆகியும் விடவில்லை. உஜோங் பாசிரில் பாடினாலும் புக்கிட் ரம்பாயில் பாடினாலும் என் சைக்கிள் அங்கே நிற்கும். மாக் நாகம்மா பதிலடிக்குத் தயாராகும்போது இடது கையால் தோளில் போட்ட மேல்துணியைச் சரிசெய்வார் என்பது எனக்குத் தெரியும். மலாய் மொழியை நான் கற்றது பள்ளியிலன்று, அவர் பாட்டில்.

இவ்வாண்டு மலாயா விடுதலை பெற்றது. இங்குள்ள எங்கள் தமிழ் இளைஞர் மன்ற விழாவில் சிறப்புரை எனக்கு ஒதுக்கப்பட்டது. எத்தனையோ நாள் விரும்பிய இடம். அந்த மேடையில் இந்தக் குழு பாட வேண்டும் என்றேன். செயலாளர் கந்தசாமி சிரித்தார்.

"என்னாப்பா, நம்ம மேடையில மலாய்ப் பாட்டா? தமிழே வராத ஆளுங்க லா அவங்க. நேரமும் இல்ல."

"என் நேரம் இருக்கிறதே. அதைக் கொடுக்கிறேன்."

"அப்ப நீ பேச மாட்டியா?"

"அவர்கள் பாடுவதைத் தமிழில் சொல்வேன்."

"ஒனக்கு அந்தம்மா என்னாத்த போட்டுக் குடுத்துச்சோ," என்றார். ஆனால் மறுக்கவில்லை.

மாக் நாகம்மாவை இசையச் செய்வது அதைவிடக் கடினமாயிற்று. உங்கள் ஆட்கள் சிரிப்பார்கள் என்றார் மலாயில். முன்பு ஒரு கடையில் தம் பெயரைக் கேட்டுத் தமிழில் பேசியவர்கள், அவர் விழித்ததும் சிரித்த கதையைச் சொன்னார். "சிரித்தால் முதலில் என் முகத்தைப் பார்த்துத்தான் சிரிக்க வேண்டும், முன்னால் நான் நிற்பேன்," என்றேன். வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். "உன் கைதட்டலைப் போல அவசரப்படாதே," என்றவர், பிறகு தலையசைத்தார். வரவும் செய்தார்.

விழா மாலையில், மண்டபத்தின் முன் நாற்காலிகளில் எங்கள் மன்றத்தார். பின்சுவரோரம் காஜா பேராங்கிலிருந்து வந்த குழுவின் உறவினர். மூங்கிலில் ஏறும் வெற்றிலைக் கொடியைப் பற்றி மாக் நாகம்மா இரண்டு வரி பாடினார். நான் தமிழில் சொன்னேன். மோனை தானாக வந்து விழுந்தது. முன்வரிசை கைதட்டியது. கையை உயர்த்தி, "பெலும் லாகி," என்றேன். "இன்னும் வரவில்லை."

மண்டபம் அடங்கியது. அவர் இடது கை மேல்துணிக்குப் போயிற்று. அடுத்த இரண்டு வரி வந்தது. பின்சுவரோரம் வெடித்துச் சிரித்தார்கள். முன்வரிசை முகங்கள் என்னை நோக்கித் திரும்பின. மூச்சிழுத்துச் சொன்னேன்: "எங்கள் பேச்சு புரியவில்லை என்னும் தம்பிமாரே, எங்கள் பந்தியில் மட்டும் எல்லாம் புரிகிறதே, எப்படி?" கந்தசாமிதான் முதலில் சிரித்தார், அவரைத் தொடர்ந்து நாற்காலிகள் குலுங்கின.

காரைக்குடித் தோழர்களே, ஊரில் இருப்போரே, நான் யாருடையவன் என்று கடிதந்தோறும் கேட்கிறீர்கள். பின்னால் ஒரு சிரிப்பு ஓய்ந்து, முன்னால் மறு சிரிப்பு எழுவதற்குள், கேட்டு முடித்தும் சொல்லத் தொடங்காமலும் ஒலிபெருக்கி முன் நான் தனியே நின்ற அந்த ஒரு மூச்சு நேரம் இருக்கிறதே, இப்போது என் முகவரி அதுதான்.