எல்லாப் பாயின்ட்டையும் பார்க்கிறவள்

என் பெண்டாட்டி செவ்வந்தியை ஒரு வீட்டுக்கு வயரிங் சோதிக்கக் கூப்பிட்டால், அந்த வீட்டுக்காரர்கள் அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளக் கூடாது. இதை முதலிலேயே சொல்லிவிடு என்று நானும் தலைப்பாடாக அடித்துக்கொள்கிறேன். அவள் சொல்வதில்லை. சொன்னால் யார் கூப்பிடுவார்கள் என்பது அவள் எண்ணம். அதுவும் வாஸ்தவம்தான்.

காங்கேயத்துப் பக்கம் பிறந்தவள். அவள் அப்பா எண்ணெய் மில் களத்தில் தேங்காய்ப் பருப்பு காயப்போட்டவர். அந்த வெயில் தனக்கு வேண்டாம் என்று ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் படித்தாள். கணபதிப் பக்கம் ஒரு பட்டறையில் மோட்டாருக்குக் காயில் சுற்றிச் சுற்றி விரல் நுனியெல்லாம் மரத்துப்போன பிறகு, வயர்மேன் லைசென்ஸ் எடுத்துத் தனியாக வந்தாள். நான் பம்பு கம்பெனியில் ஃபிட்டர். முட்டி போனது, பின்னாலேயே வேலையும் போனது. இப்போது மொபெட்டில் ஏணியைக் கட்டிக்கொண்டு அவளோடு போகிறேன். கல்யாண வீடுகளில் என் மச்சான்மார், "ஐயாசாமி மாமா பெண்டாட்டிக்கு அசிஸ்டென்டுங்கோ" என்று கிண்டல் செய்வார்கள். செய்யட்டும். சம்பளம்தான் கிடையாது, வேலை உண்டு.

வேலை என்னவென்றால் இதுதான். அவளிடம் ஹோல்டரில் மாட்டிய ஒரு பல்பும் அதிலிருந்து நீளும் இரண்டு வயரும் இருக்கும். ஒரு வயரைப் பிளக் பாயின்ட்டின் கரன்ட் ஓட்டையிலும் இன்னொன்றை எர்த் ஓட்டையிலும் கொடுப்பாள். அந்த நொடியே மெயின் பெட்டியில் இருக்கும் டிரிப்பர் விழுந்து வீடு முழுக்கக் கரன்ட் நிற்க வேண்டும். நின்றால், அங்கே யாருக்காவது ஷாக் அடித்தாலும் உயிர் தப்பும் என்று அர்த்தம். நான் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, விழுந்த டிரிப்பரைத் தூக்கிவிட வேண்டும். அடுத்த பாயின்ட்டில் மறுபடி விழும். மறுபடி தூக்குவேன். டிவியில் சீரியல் பார்க்கிற அம்மாவும், கம்ப்யூட்டரில் மீட்டிங்கில் இருக்கிற மகனும் முறைப்பதெல்லாம் என்னைத்தான். செவ்வந்தி எங்கோ மாடியில் கட்டிலுக்கு அடியில் படுத்திருப்பாள்.

அறைக்கு ஒரு பாயின்ட் பார்த்தால் போதாதா என்று எல்லோரும் கேட்பார்கள். நானே கேட்டிருக்கிறேன். அவள் பதில் எப்போதும் ஒன்றுதான். வயரிங் செய்தவன் காலையில் தெம்பாகப் போட்ட சுவிட்ச் பெட்டியெல்லாம் சரியாகத்தான் இருக்கும். பொழுது சாயும் நேரத்தில், உடம்பு ஓய்ந்து, எப்படா வீட்டுக்குப் போவோம் என்று போட்ட பெட்டி ஒன்று ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. அது எது என்று சுவரைப் பார்த்தால் தெரியாது. ஓய்ந்துபோனவர்களைப் பற்றி அவளுக்கு நன்றாகத் தெரியும். வீட்டுக்கு வந்து சோறு ஆக்கவேண்டியவளும் அவள்தானே.

போன சித்திரையில் சரவணம்பட்டிப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனோம். கனடாவில் இருக்கும் சசிதர் என்ற பையன் போனில் கூப்பிட்டிருந்தான். பாத்ரூம் குழாயைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறது என்று அவன் அம்மா பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருக்கிறார். வீடு முழுவதையும் பார்த்துவிடச் சொன்னான்.

அம்மா பேர் ராமாமணி. கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய், கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார். உள்ளறையில் அவர் வீட்டுக்காரர் நரசிம்மலு இரும்புக் கட்டிலில் படுத்திருந்தார். நுரையீரல் கெட்டுவிட்டது. காற்றிலிருந்து ஆக்சிஜன் பிரித்துக் கொடுக்கும் மெஷின் ஒன்று கட்டிலுக்குப் பக்கத்தில் இரைந்துகொண்டிருந்தது. அதன் குழாய் அவர் மூக்கில். ஹால், சமையல்கட்டு, மாடி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளலாம், அந்த அறையையும் அதன் பாத்ரூமையும் மட்டும் தொடக் கூடாது என்றார் ராமாமணி. ஷாக் அடிக்கிற குழாயே அந்த பாத்ரூமில்தான் இருக்கிறது. செவ்வந்தி, யு.பி.எஸ். மெஷினைத் தாங்குகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மாடிக்குப் போனாள்.

நான் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். "குடுக்குறேனுங்க" என்று அவள் குரல் கேட்டது. டிரிப்பர் விழவில்லை. அடுத்த அறையிலிருந்தும் குரல் வந்தது. விழவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. முட்டிக்கு ஓய்வு. கீழே இறங்கி வந்தவள் முகம்தான் சரியில்லை. பல்பு பளிச்சென்று எரிகிறது, கரன்ட் நிற்கவில்லை என்றாள். மெயின் பெட்டியைக் கழற்றினாள். டிரிப்பருக்குள் போகாமல், அதைச் சுற்றிக்கொண்டு இரண்டு வயர் நேராகப் போயிருந்தது. யாரோ அதைப் பொம்மையாக்கி வைத்திருந்தார்கள்.

ராமாமணி அம்மா சுவரில் சாய்ந்துகொண்டார். யார் செய்தது என்று நாங்கள் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"நாந்தான் அம்மணி ஒருத்தரைக் கூப்புட்டு நேரா குடுக்கச் சொன்னேன். அது அடிக்கடி உளுந்துட்டே இருந்துச்சு. ஒரு நாளு உளுந்து, யு.பி.எஸ்ஸும் தீந்து, மெஷின் நின்னுபோச்சு. நின்னா அது கத்தும். கத்துனதுதான். எனக்குக் கேக்கலை. தூங்கிப்போட்டேன். எந்திரிச்சுப் பாக்கையில இவருக்கு ஒதடெல்லாம் நீலம். அன்னைல இருந்து நான் சரியாத் தூங்குறதில்லை கண்ணு."

குழாயில் ஷாக் அடிப்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு வெந்நீர் பிடிக்கிறார். அந்த வெந்நீரில்தான் தினமும் நரசிம்மலுவுக்கு உடம்பு துடைத்துவிடுகிறார். தனக்கு அடித்தால் அடிக்கட்டும், மெஷின் நிற்கக் கூடாது. அவ்வளவுதான் அவர் கணக்கு. எனக்குக் கோபம் வந்தது. இரும்புக் கட்டிலும் ஈரத்துணியும் இருக்கிற இடத்தில் இது என்ன விளையாட்டு? கரன்ட் அடித்து இந்த அம்மா விழுந்தால் இரண்டு பேரும் அல்லவா போவார்கள்?

செவ்வந்தி வாதாடவில்லை. மூலையில் உறை பிரிக்காமல் நின்ற ஆக்சிஜன் சிலிண்டரைக் காட்டி, இதைத் திறக்கத் தெரியுமா என்று கேட்டாள். கொண்டுவந்த கம்பெனிக்காரர் எப்படி என்று சொல்லிக்கொடுத்தாராம். ஆனால் தொடவே பயம் என்றார். வால்வு என்றால் என் வேலை. நான் திறந்தேன். டாக்டர் சொன்ன அளவை ராமாமணி பார்த்து வைத்தார். ஒரு முறை அவரையே மூடித் திறக்க வைத்தேன். பிறகு நரசிம்மலுவின் குழாயை அதில் மாட்டி, அவர் மூச்சு சீராக இருப்பதைப் பார்த்துக்கொண்ட பிறகே மெயினை அணைத்தோம்.

ஒவ்வொரு லைனாகப் பிரித்து மெக்கர் வைத்துப் பார்த்தாள் செவ்வந்தி. வயரில் கரன்ட் கசிகிறதா என்று சொல்லும் கருவி அது. எட்டாவது லைனில் அகப்பட்டது. அந்த பாத்ரூம் கீசர். உள்ளே காயில் ஓட்டையாகி இருந்தது. அதன் பிளக்கில் எர்த் வயரும் கழன்று தொங்கியது. டிரிப்பர் அடிக்கடி விழுந்ததும் இதனால்தான். அது தன் வேலையை ஒழுங்காகச் செய்ததற்குத்தான் அதன் கழுத்தை நெரித்திருந்தார்கள்.

கீசரைக் கழற்றினாள். நேர் வயரைப் பிடுங்கினாள். மறுபடி எல்லாப் பாயின்ட்டிலும் பல்பு வைத்தாள். ஒவ்வொன்றுக்கும் டிரிப்பர் விழுந்தது, நான் தூக்கினேன். நாளைக்கு வந்து மெஷினுக்குத் தனி லைனும் தனி டிரிப்பரும் போட்டுத் தருகிறேன், வேறு எந்த அறையில் எது கெட்டாலும் இது நிற்காது என்று ராமாமணிக்கு விளக்கினாள். அவர் தலையை ஆட்டினார். எவ்வளவு காதில் விழுந்ததோ. மெஷினைப் போட்டு, குழாயை மாற்றி, சிலிண்டரை மூடினோம்.

சாமான்களைப் பையில் போட்டுவிட்டுச் சொல்லிக்கொண்டு போகலாம் என்று அறைக்குள் எட்டிப் பார்த்தேன். ராமாமணி நாற்காலியில் உட்கார்ந்தபடியே, வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு கை கட்டில் சட்டத்தின்மேல் கிடந்தது.

நரசிம்மலு என்னைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோல் விரலை ஆட்டினார். பக்கத்தில் போய்க் குனிந்தேன். மூச்சுக்கு நடுவில் ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"எழுப்பாதீங்க. இவ கொறட்டை உடுவாங்கறதே... மறந்துபோச்சுங்க எனக்கு."

வாசலில் நின்ற செவ்வந்திக்கும் அது கேட்டிருக்கும். கட்டிய பையை அவிழ்த்தாள். மாடி லைனை மட்டும் அணைத்துவிட்டு, திருப்புளியோடு சத்தமில்லாமல் மேலே போனாள். நான் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மெஷின் கத்தினால் கேட்க யாராவது விழித்திருக்க வேண்டுமே. காலையில் தின்ற இட்லி எப்போதோ கரைந்துவிட்டது. முட்டி விண்விண் என்று தெறித்தது. நரசிம்மலு கண்ணைத் திருப்பாமல் பெண்டாட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெகுநேரம் கழித்துச் செவ்வந்தி இறங்கி வந்து கதவருகில் நின்றாள். அவள் கண்ணும் சொருகியது.

"எல்லாப் பெட்டியிலயும் திருகு முறுக்கியாச்சுங்க" என்றாள் மெல்ல.

அந்த அம்மா இன்னும் தூங்கிக்கொண்டிருந்தார்.

"இன்னொருக்கா முறுக்கு, போ" என்றேன்.